விருத்தாம்பாள் கேட்க நினைத்தது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டு தெருக்கள் தேவனாம்பட்டினத்து விருத்தாம்பாளுக்குச் சொந்தம் என்று அந்தத் தெருக்காரர்களே சொல்வார்கள். துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் நிரப்பிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் வந்திறங்கி அவள் ஒரு குரல் கொடுத்துவிட்டால், வேறு எந்த மீன்காரியும் அங்கே கூடை இறக்குவதில்லை. வாய் ஜாஸ்தி. மீனின் செவுளை விரலால் நோண்டிப் பார்க்கிற ரிட்டயர்டு தாசில்தாரிடம், "மீனு நேத்து மூச்சு வுட்டுதா இன்னிக்கி வுட்டுதான்னு பாக்குறியா சாரு? உனக்கு மூக்கு எதுக்கு இருக்கு?" என்று கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்.

அவள் புருஷன் இரண்டாயிரத்து நாலு டிசம்பரில், கடல் ஊருக்குள் வந்த காலையில், வலை காயப்போட்ட இடத்திலேயே போய்விட்டான். மகன் இளவரசுக்கு அப்போது ஐந்து வயது. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள், இவன் கடலுக்குப் போகக்கூடாது என்று. பையன் பிளஸ் டூ முடித்த வருஷம் கொழுந்தன் பொன்னுரங்கம் வந்து கேட்டான்.

"அண்ணி, நம்ம போட்டுலயே வரட்டும். என் கண்ணு முன்னாடி இருப்பான்."

"உங்கண்ணனும் எங்கண்ணு முன்னாடிதான்யா இருந்தாரு."

இளவரசு புதுச்சேரியில் ஓர் ஓட்டலில் புரோட்டா போடக் கற்றுக்கொண்டான். அங்கிருந்து மலேசியாவுக்குப் போனான். ஜொகூர் பக்கம் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடை. மேல்மாடியில் வேலைக்காரர்களுக்கு அறை. போய்ச் சேர்ந்த வாரமே வீடியோவில் கூப்பிட்டான். அவன் தோளில் கை போட்டபடி இன்னொரு முகம் திரைக்குள் வந்தது.

"அம்மா, இவரு கதிரவன் அண்ணன். நம்ம சிதம்பரம் பக்கம். கீரப்பாளையம்."

விருத்தாம்பாளுக்கு உயிர் வந்தது. பக்கத்து ஊர்க்காரன். முப்பது வயதிருக்கும். நல்ல முகம். "தம்பி, எம்புள்ள ஒரு தூங்குமூஞ்சி. வேளைக்குச் சாப்புட மாட்டான். நீதாம்பா பாத்துக்கணும்" என்றாள்.

"கவலப்படாதீங்கம்மா. எந்தம்பி மாதிரி பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு மகன் கூப்பிடும்போதெல்லாம் கதிரவனிடமும் இரண்டு வார்த்தை பேசுவாள். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை என்று தெரிந்தது. மனைவி சுவேதா சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள் என்று தெரிந்தது. ஊரிலிருந்து யாரோ மலேசியா போகிறார்கள் என்றதும் சுதும்புக் கருவாடு கட்டிக் கொடுத்தனுப்பினாள். மகனுக்கு ஒரு பொட்டலம், கதிரவனுக்கு ஒரு பொட்டலம்.

இளவரசு இறந்தது ஒரு பிற்பகலில். மத்தியானக் கூட்டம் முடிந்து, ராத்திரி வேலை தொடங்கும் முன் எல்லாரும் மாடியில் படுத்திருக்கும் நேரம். கடை முதலாளிதான் போன் செய்தார். முதலில் "கீழ விழுந்துட்டான்" என்றார். மறுநாள் "தலையில அடி" என்றார். அதற்கு மறுநாள் அவர் போனை எடுக்கவில்லை.

விருத்தாம்பாள் உடனே கூப்பிட்டது கதிரவனைத்தான். என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான் என்று நினைத்தாள். போன் அணைந்து கிடந்தது. அவளும் விடாமல், உடம்பு வந்து சேரும்வரை, தினமும் அந்த எண்ணுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். சென்னை விமான நிலையத்தில் பெட்டியை வாங்கக் கையெழுத்துப் போட்டபோதுகூட, "கூட யாரு வந்தது? கதிரவன் வந்துச்சா?" என்று கேட்டாள். பொன்னுரங்கம் அவளைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னான்.

"அண்ணி, அவன்தான் அடிச்சிருக்கான். மறுநாளே பிளைட் ஏறி வந்துட்டானாம். அங்க போலீசு தேடிக்கிட்டு இருக்கு."

அவள் பொன்னுரங்கத்தின் முகத்தையே பார்த்தாள். "கருவாடு குடுத்தேனேடா" என்றாள்.

கீரப்பாளையத்தில் கதிரவன் வீட்டில் அவன் இல்லை. வந்தான், குழந்தையைப் பார்த்தான், போய்விட்டான் என்றார்கள். விருத்தாம்பாள் திங்கட்கிழமைகளில் மீனுக்குப் போவதை விட்டுவிட்டு, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் வரிசையில் நின்றாள். போலீசிடம் போனால், குற்றம் நடந்தது வெளிநாட்டில், அங்கிருந்து கேட்டு வரவேண்டும் என்றார்கள். மஞ்சக்குப்பத்தில் அவளிடம் நெத்திலி வாங்குகிற வக்கீல் அறிவுமதிதான் பிறகு வழி சொன்னார். கடலூர் கோர்ட்டில் பதினைந்து வருஷமாக வழக்காடுகிறவர், நிதானமான பெண்.

"மலேசியாவுலேருந்து டெல்லிக்குக் கேட்டு எழுதணும்மா. அங்க குத்தம் பண்ணிட்டு இங்க ஓடி வந்தவன எங்ககிட்ட ஒப்படைங்கன்னு. நம்ம வெளியுறவுத் துறை அத டெல்லி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பும். அப்புறம்தான் புடிப்பாங்க."

"எம்புள்ள கடலூரு, அவன் சிதம்பரம். டெல்லிக்கும் இதுக்கும் என்னாம்மா சம்பந்தம்?"

அறிவுமதி சிரிக்கவில்லை. "சட்டம் அப்படி" என்றார்.

ஒன்றரை வருஷம் போயிற்று. ஒருநாள் காலையில் உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்து, திருப்பூரில் ஒரு மெஸ்ஸில் வேலை செய்துகொண்டிருந்த கதிரவனைப் பிடித்துவிட்டார்கள், டெல்லிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சொன்னார். பொன்னுரங்கம் தெருமுனையில் சரவெடி கொளுத்தினான். விருத்தாம்பாள் நேராக அறிவுமதியின் ஆபீசுக்குப் போனாள்.

"நான் டெல்லி வரணும். அவன நிக்கவெச்சி கேப்பாங்க இல்ல, அப்ப நான் அங்க இருக்கணும். ஏன் அடிச்ச, எப்பிடி அடிச்ச, எம்புள்ள என்னா சொன்னான், எல்லாம் அவன் வாயால கேக்கணும்."

அறிவுமதி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"அதெல்லாம் டெல்லியில கேக்க மாட்டாங்கம்மா."

"பின்ன?"

"மலேசியா அனுப்புன காகிதம் சரியா இருக்கா, இவன்தான் அந்தக் கதிரவனா, வழக்குல முகாந்திரம் இருக்கா. அவ்ளோதான் பாப்பாங்க. செஞ்சானா இல்லியாங்கறது அங்க போயி, அந்த ஊரு கோர்ட்டுல."

"இப்பிடி ஒரு சட்டத்த யாரும்மா போட்டது?"

"இப்ப இருக்கறது நாம போட்ட சட்டம்தான். ஆனா வேரு வெள்ளக்காரன் காலத்துல இருக்கு. அப்ப பினாங்கும் அவன்து, கடலூரும் அவன்து. அங்க கேசுல மாட்டுன கூலி ஒருத்தன் கப்பலேறி ஊருக்கு ஓடியாந்துட்டான்னா, ஒரு வாரண்ட் வரும். இங்க ஒரு தொர அதுல கையெழுத்துப் போடுவான். புடிச்சி மறுபடி கப்பல்ல ஏத்திருவாங்க. அவன் பொண்டாட்டி புள்ளைய யாரும் கேக்கறதில்ல. செத்தவன் வீட்டு ஆளுங்களையும் கேக்கறதில்ல. அதுக்கப்புறம் வந்த சட்டத்துல ஆளுக்குப் பாதுகாப்பு எவ்ளோவோ சேத்திருக்காங்க. ஆனா அந்த ஒண்ணு மட்டும் மாறல. ஆள அனுப்பலாமாங்கறதுதான் இங்க கேள்வி. என்னா நடந்துச்சுங்கறது இல்ல."

விருத்தாம்பாள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். பிறகு, "அப்பியும் நான் வரேன். மூஞ்சியாவது பாக்கறேன்" என்றாள்.

அறிவுமதிக்கு உச்ச நீதிமன்றத்தில் வேறொரு வேலை இருந்தது. அவரோடு ரயிலில் போனாள். அவள் போட்டிருந்த சால்வை மஞ்சக்குப்பத்துத் தாசில்தார் வீட்டு அம்மா கொடுத்தது. கோர்ட் ஹாலில் ஒரு மூலையில் நின்றாள். கதிரவனைக் கொண்டுவந்தார்கள். இளைத்திருந்தான், தாடி. அரசாங்க வக்கீல் இங்கிலீஷில் பேசினார், மாஜிஸ்ட்ரேட் இந்தியில் ஏதோ கேட்டார், கனமான கட்டு ஒன்று கை மாறியது. அதில்தான் அவள் மகனின் பிரேதப் பரிசோதனை அறிக்கை இருக்கிறது என்று அறிவுமதி காதோடு சொன்னார். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அடுத்த வாய்தா போட்டாயிற்று.

வராந்தாவில் அவனைப் போலீஸ்காரர்கள் நடத்திப் போனபோது அவள் குறுக்கே போய் நின்றாள்.

"கதிரவா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

"என்னாடா நடந்துச்சு? சொல்லுடா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், சொல்லு."

"எதுவும் பேசக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரும்மா" என்றான் அவன். குரல் அதே குரல். தம்பி மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது இந்தக் குரல்தான். போலீஸ்காரர் ஒருவர் இந்தியில் அதட்டி அவளை விலக்கினார்.

சுவரோரம் ஓர் இளம்பெண் நின்று அழுதுகொண்டிருந்தாள். யாரென்று யாரும் சொல்லாமலே விருத்தாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. அவளைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போகவேண்டும். தாண்டிப் போனாள்.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது, முகாந்திரம் இருக்கிறது, ஒப்படைக்கலாம் என்று மாஜிஸ்ட்ரேட் எழுதிவிட்டார். இனி முடிவு மத்திய அரசாங்கத்தின் கையில். அப்போதுதான் கதிரவன் மனைவி சுவேதா தேவனாம்பட்டினத்துக்கு வந்தாள். தனியாக வந்தாள். சுனாமி குடியிருப்பில் வீடு வீடாக விசாரித்து, விருத்தாம்பாள் கூடை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்கன்னு கேக்க வரலம்மா. அதுக்கு எனக்கு யோக்கியத இல்ல."

"பின்ன என்னாத்துக்கு வந்த?"

"செத்ததும் நம்ம நாட்டு ஆளு, கேசுல இருக்கறதும் நம்ம நாட்டு ஆளு. அரசாங்கம் நெனச்சா இங்கியே விசாரிக்கலாமாம். அனுப்ப வேணாம், இங்கியே விசாரிங்கன்னு நீங்களும் ஒரு மனுவுல கையெழுத்து போட்டா ஒருவேள கேப்பாங்கன்னு எங்க வக்கீல் சொல்றாரு. அங்க போனா தூக்குகூடப் போடலாமாம்மா."

அவனுக்குத் தூக்கு விழவேண்டும் என்று விருத்தாம்பாள் எத்தனையோ முறை வாய்விட்டுச் சபித்திருக்கிறாள். இப்போது அந்தச் சொல்லை இந்தப் பெண் சொல்லக் கேட்டதும், கழுவிய கூடையையே மறுபடி கழுவினாள்.

"இங்க விசாரிச்சா தமிழ்ல கேப்பாங்களா?"

"கேப்பாங்கம்மா. கடலூர் கோர்ட்டுலயே நடந்தாலும் நடக்கலாம்."

"நான் உக்காந்து கேக்கலாமா?"

"தெனமும் வந்து கேக்கலாம்."

விருத்தாம்பாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்றாள்.

செய்தி சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. பொன்னுரங்கம் வந்து கத்தினான்.

"புள்ளைய அடிச்சிக் கொன்னவனுக்குக் கையெழுத்தா? எங்கண்ணன் ரத்தம் அது! உனக்குக் கொஞ்சமாவது இருக்கா?"

"நான் அவன காப்பாத்தலய்யா. எனக்கு என்னா நடந்துச்சுன்னு தெரியணும். அவ்ளோதான்."

"தெரிஞ்சி? தெரிஞ்சா வந்துருவானா?"

பொன்னுரங்கம் அன்றோடு அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்தினான். அவன் வீட்டுக் காதுகுத்துக்கு அழைப்பு வரவில்லை. துறைமுகத்தில் அவன் போட்டு கரை பிடித்தால் அவள் வேறு போட்டைப் பார்த்துப் போவாள். அந்தக் குடும்பத்தில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

மனுவுக்குப் பலன் இல்லை. ஒப்பந்தப்படி ஒப்படைக்க முடிவு செய்யப்பட்டது என்று பதில் வந்ததாக அறிவுமதி சொன்னார். சுவேதாவின் வக்கீல் ஹைகோர்ட்டில் போட்ட வழக்கும் தள்ளுபடியானது. தை மாதத்தில் ஒருநாள், மலேசிய அதிகாரிகள் வந்து டெல்லி விமான நிலையத்தில் கதிரவனைக் கூட்டிப் போனார்கள். செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. அதில் அவன் பெயர் இருந்தது. இளவரசின் பெயர் இல்லை; 'சக ஊழியர் ஒருவர்' என்று இருந்தது. தாசில்தார் அதைப் படித்துக் காட்டினார். "பேரு போடலியா சாரு?" என்று மட்டும் கேட்டாள்.

அங்கே வழக்கு தொடங்கும், விசாரணை நாட்களில் நடப்பதைத் தெரிந்து சொல்ல யாரையாவது பிடிக்கலாம் என்று அறிவுமதி முயன்றுகொண்டிருந்தார். மலாய் தெரிந்த ஒரு தமிழ் வக்கீல்கூட அகப்பட்டார். ஆனால் விசாரணையே நடக்கவில்லை. கொலை என்பதைக் குறைத்து, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று அரசுத் தரப்பு மாற்றியது. கதிரவன் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டவனுக்குச் சாட்சி எதற்கு, குறுக்கு விசாரணை எதற்கு? பதினான்கு வருஷம் என்று தீர்ப்பாகிவிட்டது.

அறிவுமதி இதைச் சொல்லத் தயங்கித் தயங்கி, மீன் வாங்க வருகிறவர் போலத் தன் வீட்டு வாசலுக்கு வந்து சொன்னார். விருத்தாம்பாள் தராசைக் கீழே வைத்தாள்.

"அப்ப யாருமே அவன கேக்கலியா?"

"செஞ்சியான்னு கேட்டாங்க. செஞ்சேன்னு சொல்லிட்டான்."

"அத நான் கேக்கல மேடம்."

அறிவுமதிக்கு அது தெரியும்.

சில மாதங்கள் கழித்துச் சுவேதா போன் செய்தாள். சிறையிலிருந்து மாதம் ஒருமுறை குடும்பத்தோடு பேச விடுகிறார்கள், இந்த மாதம் தன் முறையை விட்டுத்தருகிறேன், வந்து பேசுங்கள் என்றாள். அவன்தான் சொல்லச் சொன்னானாம். விருத்தாம்பாள் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். அதனால் மருந்துக்கடைக்கே வரச் சொன்னாள் சுவேதா.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்தக் கடையைக் கண்டுபிடித்துப் போனாள். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறை. குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவளை உட்காரவைத்து, சுவேதா நின்றாள். போன் வந்தது. சுவேதா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெளியே போகத் திரும்பினாள்.

"இரு. நீயும் கேளு" என்றாள் விருத்தாம்பாள்.

கதிரவன் அழுதான். அவள் காத்திருந்தாள். அழுது முடித்து அவனே தொடங்கினான்.

"ராத்திரி முழுக்க வேலம்மா. மத்தியானம் படுத்திருந்தேன். அவன் போன்ல சத்தமா படம் பாத்துக்கிட்டு இருந்தான். கொறைடான்னேன். கொறச்சான். மறுபடி சத்தமா வெச்சான். போன புடுங்கப் போனேன், தள்ளிவுட்டான். பக்கத்துல இரும்பு ஸ்டூல் இருந்துச்சு."

"அதுக்காவா?"

"அதுக்குத்தாம்மா."

"முன்னாடி ஏதாவது பக இருந்துச்சா? பொம்பள விசயம்? வேற எதுனா?"

"ஒண்ணும் இல்லம்மா. அன்னிக்கிக் காலையில ஒண்ணாதான் டீ குடிச்சோம்."

விருத்தாம்பாள் மூன்று வருஷத்துக்கு மேலாக எதையெதையோ யோசித்து வைத்திருந்தாள். யாரோ தூண்டிவிட்டார்கள், ஏதோ பெரிய வஞ்சம், மகன் எதையோ பார்த்துவிட்டான் என்றெல்லாம். அத்தனையும் ஒரு செல்போன் சத்தத்தில் வந்து முடிந்தது.

"உடனே போயிட்டானா?"

"இல்லம்மா. கொஞ்ச நேரம் இருந்தான். தண்ணி கேட்டான்."

"குடுத்தியா?"

பதில் வரவில்லை. கடைக்கு முன்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவேதா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"குடுத்தேம்மா" என்றது போன். "ரெண்டு வாய் குடிச்சான்."

அந்த இடைவெளி கடல் தாண்டி வரும் போனின் தாமதமா, இல்லை அவன் யோசித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கோர்ட்டாக இருந்திருந்தால், எதிரே ஒரு வக்கீல் இருந்திருந்தால், அந்த இடத்தைப் பிடித்து மறுபடி மறுபடி கேட்டிருப்பார். எந்தச் சொம்பில் கொடுத்தாய், யார் பார்த்தார்கள், அப்புறம் ஏன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவில்லை என்று கேட்டிருப்பார். மகனைப் பெற்றவளுக்கு அப்படிக் கேட்க நா எழவில்லை. நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது.

சுவேதா டீ வாங்கிவரச் சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுந்தாள். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் அவள் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். விருத்தாம்பாள் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் வழக்கம்போலத் துறைமுகத்துக்குப் போனாள். மஞ்சக்குப்பத்தில் இன்றும் அந்த இரண்டு தெருக்கள் அவளுடையவைதான். குரல் கொடுக்கிறாள், வம்புப் பேச்சு மட்டும் இல்லை. சில நாள், கொடுத்திருப்பான், கருவாடு தின்றவன்தானே என்று நினைத்துக்கொள்கிறாள். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை. அன்றைக்குச் சீக்கிரமே கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவாள்.

அடுத்த மாதமும் சுவேதா கூப்பிட்டுப் பேசுகிறீர்களா என்று கேட்டாள்.

"வேணாம் பொண்ணே" என்றாள் விருத்தாம்பாள். "அது உன் நேரம். உம்பொண்ணு அப்பாகிட்ட பேசட்டும்."